ஐம்பதுக்குப் பதினொன்று

விடைத்தாள் திருப்பிக் கொடுக்கும் முறையை டீச்சர் பத்தொன்பது வருடமாக மாற்றவில்லை. குறைந்த மார்க்கில் தொடங்குவார். பெயர், மார்க், ஒரு வரி விமர்சனம். "பதினாலு. பேனா வாங்கிக் குடுத்த அப்பாவ ஒரு நிமிஷம் நெனச்சுப் பாரு." வகுப்பு சிரிக்கும். வாங்குகிற பையனும் பாதிச் சிரிப்போடு வந்து வாங்கிக்கொண்டு போவான். இரண்டு நாளில் எல்லாம் மறந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கடைசியாக வருவது முதல் மார்க், அதற்குக் கைதட்டல். அவர் படித்த பள்ளியில் அப்படித்தான் கொடுத்தார்கள். வேலை பார்த்த பள்ளியில் மற்ற டீச்சர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். அதனால் வெளிநாட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து, தன் முதல் வகுப்புக்கு வைத்த முதல் தேர்வின் தாள்களையும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அப்படியே கொடுத்தார்.

வகுப்பு நடப்பது ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். மேசைகளுக்குச் சக்கரம் உண்டு; யாராவது அழுத்தி எழுதினால் மேசை மெல்ல நகர்ந்துபோகும். மாணவர்கள் பதினாலு பேர், எல்லோரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். ஒரு மருந்துக்கடைக்காரப் பெண், ஒரு டாக்ஸி ஓட்டுநர், மீதிப் பன்னிரண்டு பேரும் ஒரே லிஃப்ட் கம்பெனியின் மெக்கானிக்குகள். கம்பெனி அனுப்பி வருகிறார்கள். சாம்பல் நிறச் சட்டையோடு, கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போயிருக்காது. அவர்களுடைய ஃபோர்மேனுக்கு ஐம்பத்துநாலு வயது. முதல் வரிசை வலது ஓரம் அவர் இடம். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்ற பதினொரு நாற்காலிகளும் இழுபடும். டீச்சர் அதைக் கவனித்திருந்தார். நல்ல ஒழுக்கம் என்று நினைத்திருந்தார்.

முதலில் வந்த தாள் ஃபோர்மேனுடையது. ஐம்பதுக்குப் பதினொன்று.

டீச்சர் மார்க்கைப் படித்தார். வழக்கமான அந்த ஒரு வரியையும் சேர்த்தார். "மோட்டார் நல்லாத்தான் ஓடுது. லிஃப்ட்தான் இன்னும் தரைத்தளத்துலயே நிக்குது." எளிய ஆங்கிலம், எல்லோருக்கும் புரிந்தது. டாக்ஸி ஓட்டுநர் மட்டும் "ஹெ" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஃபோர்மேன் எழுந்து வந்து இரண்டு கையாலும் தாளை வாங்கினார். நன்றி சொன்னார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கடைசித் தாள் சுருட்டைக்கு. முடியை வைத்து எல்லோரும் கூப்பிடும் பெயர் அது. முப்பது வயது மெக்கானிக். நாற்பத்தாறு வாங்கியிருந்தான். "கை தட்டுங்க" என்றார் டீச்சர். அவர் தட்டினார். மருந்துக்கடைக்காரப் பெண் இரண்டு தட்டு தட்டினார். சுருட்டை திருடி மாட்டிக்கொண்டவன்போலத் தரையைப் பார்த்தபடி வந்து தாளை வாங்கிப் போனான்.

கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பில் இரண்டே பேர். ஆறே கால் வரை காத்திருந்துவிட்டு, அந்த இரண்டு பேருக்கும் பதினாலு பேருக்கு நடத்துகிற குரலில் பாடம் நடத்தினார். அடுத்த செவ்வாயும் அதே இரண்டு பேர். "நாங்க ரெண்டு பேரும் தனி டியூஷனுக்குச் சேர்ந்த மாதிரி ஆயிடுச்சு" என்றார் டாக்ஸி ஓட்டுநர். அவருக்கு அதில் மகிழ்ச்சிதான்.

புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. மேலாளர் பேசும்போது கணினியையே பார்த்துப் பேசும் பெண்மணி. கண்ணைத் திருப்பினார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அன்றைக்குத் திருப்பினார்.

"ஒரு வகுப்பு நடக்கணும்னா பத்துப் பேர் வேணும். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அன்னிக்குப் பத்துப் பேர் இல்லன்னா வகுப்ப மூடிடுவேன். உங்க மூணு மாசச் சோதனைக் காலமும் அன்னிக்குத்தான் முடியுது. வகுப்பு இல்லாம நான் உங்களுக்கு வேலை உறுதிக் கடிதம் குடுக்க முடியாது."

"லிஃப்ட் கம்பெனியில ஏதாவது புகார் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. ஆளுங்களுக்கு வேலை இருக்குன்னு மட்டும் சொன்னாங்க. புகார் வந்திருந்தா பதில் சொல்லலாம். இது அத விட மோசம்."

மாதம் முடிய பதினேழு நாள் இருந்தது.

அந்தக் கடிதம் வெறும் வேலைக்கான காகிதம் இல்லை. அது இருந்தால்தான் குடும்ப விசாவுக்கு எழுதிப்போட முடியும். ஊரில் கணவர் நூலகர். அடுத்த மாதத்திலிருந்து நீண்ட விடுப்பு வாங்கிவிட்டார். மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். இங்கேதான் படிக்கப் போகிறாள் என்று அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கவில்லை. அங்கே சேர்க்கை முடிந்துகொண்டிருந்தது. கடிதம் வராவிட்டால் பிள்ளை இரண்டு கரைக்கும் நடுவில் நிற்பாள்.

டீச்சர் தங்கியிருந்த வீட்டில் இன்னோர் அறை ஒரு நர்ஸுடையது. டீச்சரை விட எட்டு வயது சின்னவர். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. யார் யாரை அக்கா என்று கூப்பிடுவது என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்தது. வயதில் நீங்க அக்கா, அனுபவத்தில் நான் அக்கா என்று சொல்லிவிட்டார் நர்ஸ். கடைசியில் டீச்சர், சிஸ்டர் என்று இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்த நர்ஸ், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார்.

"மார்க்க எத்தன பேர் முன்னாடி படிச்சீங்க?"

"எல்லார் முன்னாடியும்தான். பின்ன, வீடு வீடாவா கொண்டுபோய்க் குடுப்பாங்க?"

"படிச்சதோட விட்டீங்களா?"

"சும்மா ஒரு ஜோக்கு சொன்னேன்."

நர்ஸ் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். "நுணலும் தன் வாயால் கெடும்னு நீங்கதானே டீச்சர் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்?"

"நான் இங்கிலீஷ் டீச்சர்."

"அதான் அந்தப் பாடம் விட்டுப்போச்சு."

"இதப் பாருங்க சிஸ்டர். பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். அத முப்பதுன்னு போட்டுக் குடுக்கிற வேலைக்கு நான் வரல."

"யாரு போடச் சொன்னா? எங்க பெரிய டாக்டர் கதையக் கேளுங்க. போன வருஷம் நான் ஊசி போட்ட நேரத்த மாத்தி எழுதிட்டேன். தப்பு என் மேலதான். வார்டுல ஒரு வார்த்தை பேசல மனுஷன். ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவச் சாத்தி, பத்து நிமிஷம் நிக்க வச்சுக் கிழிச்சார். அப்புறம் கதவத் தொறந்து வெளிய வந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி 'ரொம்ப நன்றி சிஸ்டர்'னார்."

"அது நடிப்பு."

"நடிப்புதான். ஆனா மறுநாள் நான் வேலைக்குப் போனேன்ல? உங்க ஆளுங்க எங்க?"

டீச்சர் டீயை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். பதில் இல்லாதபோது அவர் அறைக்குப் போவார் என்பது நர்ஸுக்குப் பத்து வாரத்தில் பழகியிருந்தது.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பேசினார். கணவரிடம் எதையும் மறைக்கிற வழக்கம் இல்லை, சொல்லிவிட்டார்.

"நீ என் சமையலுக்கே பத்துக்கு நாலு போட்டவளாச்சே" என்றார் கணவர். "அவர் எம்மாத்திரம்."

"வெளையாடாதீங்க. விடுப்ப ரத்து பண்ண முடியுமா?"

"முடியும். ஆனா பண்ண மாட்டேன். நீ சரி பண்ணிடுவ. இரு, இவ பேசணும்கிறா."

மகள் போனை வாங்கினாள். "அம்மா, அந்தத் தாத்தா அழுதாரா?"

"அவர் தாத்தா இல்லடி. அழுவுறதுக்கு அவர் என்ன சின்னப் பிள்ளையா?"

"நான் ஒன்பதாவதுல உன் கிளாஸ்லதானே இருந்தேன். அரைப் பரீட்சையில பதினெட்டு. நீ படிச்ச. 'டீச்சர் மகள், சூப்பர்'னு ஒரு ஜோக்கும் சொன்ன."

"அது பாரபட்சம் பாக்கக் கூடாதுன்னு. ரெண்டு நாள்ல நீயே மறந்துட்டியே."

"மறந்திருந்தா பதினெட்டுன்னு எப்படிச் சொல்றேன்?"

மகள் சண்டைக்கு வரவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். டீச்சர் போனை வைத்த பிறகு, மேசையில் கிடந்த அடுத்த வாரப் பாடக்குறிப்பைப் புரட்டினார். ஒரு வரியும் ஏறவில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனை தாள்கள் என்று ஒரு கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். இப்போது ஆக வேண்டியது ஒரு தாள்.

திங்கட்கிழமை அவருக்கு மதியம் வரை வகுப்பு இல்லை. லிஃப்ட் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். ஃபோர்மேன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலையாக இருப்பதாகச் சொல்லி ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் ஒன்பது மாடி. லிஃப்டின் வாசலில் மஞ்சள் தடுப்பு. பழுது பார்க்கிறவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு லிஃப்ட் கிடையாது என்பது நியாயம்தான். டீச்சர் படியேறினார். நாலாவது மாடியில் ஒரு தடவை, ஏழாவதில் இரண்டு தடவை நின்றார்.

மொட்டை மாடியில் இரும்புக் கதவு போட்ட மோட்டார் அறை. உள்ளே எண்ணெய் வாசனை, சூடு. ஃபோர்மேன் ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். கையை எடுத்தார். அவர் ஏதோ இரண்டு வார்த்தை சொல்ல, பக்கத்தில் நின்ற இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவன் குனிந்து ஒரு போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினான். மறுபடி கையை வைத்தார். தலையாட்டினார். அதன் பிறகுதான் கதவருகே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் டீச்சரைப் பார்த்தார்.

ஆட்கள் இரண்டு பேரையும் கீழே அனுப்பினார். ஒரு மரப்பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அவருடைய ஆங்கிலம் அரைகுறை, டீச்சருக்கு அந்த ஊர் பாஷை கால்குறை. இரண்டையும் கலந்து, கையால் மீதியைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டது இது:

"நான் ஆளுங்கள நிறுத்தி வைக்கல டீச்சர். போங்கடான்னுதான் சொன்னேன். போக மாட்டேங்கிறானுங்க."

"ஏன்?"

"போனா, நான் அசிங்கப்பட்டது அவனுங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு ஆயிடும். நாப்பத்தாறு வாங்கினவன் ரெண்டு வாரமா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான். நானும் அவனும் ஒரே கயித்துல தொங்கி வேலை பாக்கிறவங்க. இப்படி இருந்தா யாராவது ஒருத்தன் விழுந்துடுவான்."

"நாளைக்கே வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கிறேன்."

"வேண்டாம்." அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "மன்னிப்புன்னா எதுக்குன்னு சொல்லணும். அதுல அந்த நம்பர் மறுபடியும் வரும்."

டீச்சர் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. படியேறும்போது தயார் செய்திருந்த நாலு வாக்கியமும் வீணாயிற்று.

ஃபோர்மேன் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். மாதாந்திரச் சோதனைப் படிவம். இருபத்துநாலு வரி, வரிக்கு ஒரு கட்டம். இதுவரை உள்ளூர் மொழியில் இருந்தது, அடுத்த மூன்று மாதத்தில் ஆங்கிலமாகிறது; அட்டையில் இருந்தது அந்தப் புது ஆங்கிலப் படிவம். கம்பெனித் தேர்வில் தேறியவர்தான் கையெழுத்துப் போடலாம்.

"முப்பது வருஷமா நான் கையெழுத்துப் போடாம இந்த ஊர்ல லிஃப்ட் ஓடினது இல்ல. இனிமே சுருட்டை போடுவான். நல்லவன்தான். நான்தான் அவனுக்கு வேலை பழக்கினேன். ஆனா அவன் கையெழுத்துக்காக நான் காத்துக்கிட்டு நிக்கணும்."

டீச்சர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். முதல் வரியை வாசித்தார். ஃபோர்மேன் யோசித்தார், தெரியவில்லை. அந்தப் பொருள் என்ன வேலை செய்யும் என்று டீச்சர் கையால் காட்டினார். அதற்குள் அவர் எழுந்துபோய் அதன் மேல் கையை வைத்துவிட்டார். இப்படியே ஆறு வரி. எல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் வைத்த தேர்விலோ ஒரு சுற்றுலாவைப் பற்றிய கட்டுரை இருந்தது, சிநேகிதனுக்கு ஒரு கடிதம் இருந்தது, காட்டு மிருகங்களைப் பற்றிய ஒரு பத்தி இருந்தது. ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு வைத்த அதே தாளில் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்.

"மார்க் சரிதான்" என்றார் டீச்சர். "கேள்வித்தாள்தான் தப்பு."

ஃபோர்மேன் முதல் தடவையாகச் சிரித்தார். "மார்க் சரின்னு எனக்கும் தெரியும்."

"ஆனா ஒரு சிக்கல். இந்தப் படிவத்த நான் நடத்தணும்னா முதல்ல எனக்கு லிஃப்ட் தெரியணும். பொத்தான அமுக்குறதத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்குக் காலையில உங்க டிப்போவுல எனக்கு ஒரு பரீட்சை வைங்க. இதே படிவம். நீங்க திருத்துங்க."

"ஆளுங்க எல்லாம் இருப்பானுங்களே."

"இருக்கட்டும்."

"சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

ஃபோர்மேன் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். மோட்டாரில் கையை வைத்திருந்தபோது முகத்தில் இருந்த அதே கவனம். "ஏழரைக்கு வாங்க" என்றார். "செருப்பு வேண்டாம். ஷூ."

டிப்போ ஒரு பெரிய தகரக் கொட்டகை. மெக்கானிக்குகள் ஊருக்குள் பிரிந்து போகுமுன் அங்கேதான் கூடுவார்கள். நடுவில் பயிற்சிக்காக நிறுத்தியிருந்த லிஃப்ட் ஒன்று, சுவர் இல்லாமல் எலும்புக்கூடாக இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. கீழே இடுப்பளவு பள்ளம். டீ டம்ளர்களோடு பதினொரு பேரும் வட்டமாக நின்றார்கள். யாருக்கும் டீச்சரின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை. ஒருவன் தலைக்கவசம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அது அவருக்குப் புருவம் வரை இறங்கியது.

"நான் உங்களுக்குப் பாடம் நடத்தணும்" என்று டீச்சர் அந்த ஊர் பாஷையில் சொன்னார். நர்ஸிடம் கேட்டு நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். "அதுக்கு முன்னாடி ஃபோர்மேன் எனக்குப் பரீட்சை வைக்கிறார்."

வட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

படிவத்தில் உள்ள பொருளை லிஃப்டில் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டுக் காட்டி, அது சரியாக இருக்கிறதா இல்லையா என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். டீச்சரால் இருபத்துநாலு வரியையும் தங்குதடையில்லாமல் வாசிக்க முடிந்தது. அவற்றில் எது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. பிரேக் என்றதும் பெரிய சக்கரம் ஒன்றைக் காட்டினார். பின்னால் ஒருவன் தொண்டையைச் செருமினான். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடைக்கட்டு என்று அவர் காட்டியது கருவிப் பெட்டி. கதவு சென்சாரைத் தேடிக்கொண்டு அவர் நடுவில் நிற்க, கதவு மூட வந்து, அவரைக் கண்டு, தானே திறந்துகொண்டது. "அதுவே வந்து சொல்லுது டீச்சர், நான்தான்னு!" என்று சுருட்டை கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எடுத்துக் குடுக்கக் கூடாது!" என்றார் டீச்சர். "பரீட்சை நடக்குதுல்ல?"

பதினேழாவது வரி, பெட்டி வேகமாக இறங்கினால் தாங்குவதற்கான ஸ்பிரிங். டீச்சர் அண்ணாந்து உச்சியில் தேடினார். தலைக்கவசம் பின்னால் சரிந்து விழுந்து உருண்டு போய், நேராக அந்தப் பள்ளத்துக்குள், அந்த ஸ்பிரிங்கின் மேலேயே விழுந்தது. இந்தத் தடவை ஒருவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தேர்வு மேற்பார்வையாளர்.

முடிந்ததும் படிவத்தை வாங்கி, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகையில் வைத்துத் திருத்தினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை லிஃப்டைப் பார்த்து, ஒரு தடவை தாளைப் பார்த்துக் கோடு போட்டார். அடியில் ஓர் எண்ணை எழுதி வட்டமிட்டார். பதினொரு பேரும் நெருங்கி வந்துவிட்டார்கள்.

"எவ்ளோ?" என்றான் ஒருவன்.

"சத்தமாப் படிங்க ஃபோர்மேன்!"

"நாங்களும் கேக்கிறோம்!"

கொட்டகை முழுக்க அந்த எண்ணுக்காகக் காத்திருந்தது. நாற்பத்துநாலு வயதில், தானே கேட்டு வாங்கிய பரீட்சைக்கு, டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படித்தாலும் தாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். அது நியாயம் என்றுகூட நினைத்திருந்தார். ஆனால் அந்த நிமிடத்தில், படிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சின்னப்பிள்ளைபோலத் தோன்றியது.

ஃபோர்மேன் தாளைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். எழுத்து தன் பக்கம் இருக்கும்படி தாளைப் பிடித்து டீச்சரிடம் நீட்டினார்.

"இது டீச்சருக்கும் எனக்கும்" என்றார்.

யாரும் மறுபடி கேட்கவில்லை. டீச்சர் தாளைப் பையில் வைத்துக்கொண்டார். தெருமுனை திரும்பிய பிறகுதான் எடுத்துப் பார்த்தார். இருபத்துநாலுக்கு ஏழு.

அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். மாலை ஆறு மணிக்கு மருந்துக்கடைக்காரப் பெண்ணும் டாக்ஸி ஓட்டுநரும் இருந்தார்கள். ஆறு ஐந்துக்கும் அவர்கள்தான். டீச்சர் படிவத்தைப் பெரிதாகப் பலகையில் வரைந்து முடித்திருந்தார். யார் வந்தாலும் வராவிட்டாலும் முதல் நாலு வரியை இன்றைக்கு நடத்துவது என்று முடிவு. ஆறு பன்னிரண்டுக்குப் படிக்கட்டில் கனத்த ஷூக்களின் சத்தம் கேட்டது. ஃபோர்மேன் முதலில் வந்தார். பின்னால் ஒன்பது பேர். அவர் உட்கார்ந்தார், பிறகு நாற்காலிகள் இழுபட்டன.

"ரெண்டு பேருக்கு வேலை இருக்கு" என்றார் ஃபோர்மேன். "வியாழக்கிழமை வருவானுங்க."

டாக்ஸி ஓட்டுநருக்குத்தான் வருத்தம். பலகையைப் பார்த்துவிட்டு, "டாக்ஸி ஓட்டுறவனுக்கு லிஃப்ட் எதுக்கு டீச்சர்? நான் நேராத்தான் போவேன், மேல போக மாட்டேன்" என்றார். அவரையும் மருந்துக்கடைக்காரப் பெண்ணையும் அடுத்த வகுப்புக்கு அவரவர் வேலையில் வாசிக்க வேண்டிய ஒரு தாளைக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். ஓட்டுநர் ஒரு விபத்து விவரப் படிவத்தோடு வந்தார். அது அவருக்கு ரொம்ப நாளாகவே தேவைப்பட்டிருக்கிறது என்பது போகப்போகத் தெரிந்தது.

அடுத்த வாரம் மேலாளர் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். போகும்போது, "பாடத்திட்டத்துல லிஃப்ட் இல்லையே" என்றார்.

"பாடத்திட்டப்படி நடத்தினப்ப ரெண்டு பேர்தான் இருந்தாங்க" என்றார் டீச்சர்.

மேலாளர் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார். மாதக் கடைசி நாளன்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக எண்ணினார். பதின்மூன்று. ஒரு மெக்கானிக் இரவு ஷிஃப்டுக்கு மாறியிருந்தான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம்தான் என்றும், லிஃப்ட் கம்பெனித் தேர்வின் முடிவைப் பார்த்துவிட்டு நீட்டிப்பது என்றும் எழுதியிருந்தது. குடும்ப விசாவுக்கு ஆறு மாதம் போதும். டீச்சர் முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

வகுப்புக்கு இருபது நிமிடம் இருந்தது. பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டார்.

"கடிதம் வந்துடுச்சு. நாளைக்கே விண்ணப்பம் போட்டுடுங்க. காகிதமெல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் போன மாசமே ஃபைல் போட்டு வச்சிருக்கேன். நூலகர் வீட்டுல காகிதம் தொலையுமா?" என்றார் கணவர். குரல் ஒரு சுற்று ஏறியிருந்தது. "குக்கர் கொண்டு வரலாமா?"

"ஒண்ணு போதும். ரெண்டு வேண்டாம். அவகிட்டக் குடுங்க."

மகள் வந்தாள். "அம்மா, அங்க ஸ்கூல்ல சேர்றதுக்கு டெஸ்ட் வைப்பாங்களாமே?"

"வைப்பாங்க. கணக்கும் இங்கிலீஷும்."

"மார்க் யார்கிட்டச் சொல்லுவாங்க?"

"உன்கிட்டத்தான்."

"உன்கிட்ட?"

"நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். சொல்லாட்டியும் கேக்க மாட்டேன்."

"நீயா? கேக்க மாட்டியா? அப்பா, இங்க வாங்க, அம்மா என்னமோ சொல்றாங்க!"

கதவு திறந்தது. ஃபோர்மேன் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார், தனியாக. கையில் படிவம், பத்தொன்பதாவது வரியின் கீழே பென்சிலால் இரண்டு கோடு.

"வச்சிடுறேன்" என்றார் டீச்சர். "ஆள் வந்துட்டாங்க."

போனைப் பையில் போட்டுவிட்டு, ஃபோர்மேனின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.